ஷூ கலர் மாறுகிறதா? முதலில் மானிட்டரைப் பாருங்கள்!

டிஜிட்டல் கேமராவில் எடுத்த போட்டோ கம்ப்யூட்டரில் ஒரு கலர், பிரிண்ட் போட்டால் வேறு கலர், நண்பருக்கு அனுப்பினால் அவருடைய மானிட்டரில் மூன்றாவதாக ஒரு கலர். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலரும் இதற்குக் கேமராவைத் திட்டுவார்கள். இல்லையென்றால் பிரிண்டரைத் திட்டுவார்கள். நாம் எதைப் பார்த்துப் பார்த்துத் திருத்துகிறோமோ அந்த மானிட்டர் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

கல்யாண ஆல்பத்தில் புடவைக் கலர் சற்று மாறினால் வீட்டுப் பேச்சோடு போய்விடும். எங்கள் பக்கம் அப்படி இல்லை. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று இந்தப் பகுதி முழுக்கத் தோலும் ஷூவும்தான் பிழைப்பு. (2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. தொழில் அதேதான்.) சிறிய ஷூ யூனிட்டுகளுக்குப் போட்டோ எடிட் செய்து கொடுப்பது என் வேலை. ஆன்லைனில் வாங்கியவர் "படத்தில் இருந்த கலர் இது இல்லை" என்று பெட்டியைத் திருப்பி அனுப்பினால், நஷ்டம் பெரும்பாலும் யூனிட்காரர் தலையில்தான் விழுகிறது.

ஆம்பூரில் அப்படி ஒரு யூனிட் நடத்தும் பாய், வேறொரு ஸ்டூடியோவில் எடிட் செய்து வாங்கிய படங்களோடு என்னிடம் வந்தார். கையில் ஒரு ஜோடி டான் கலர் ஷூ. "பாருங்க தம்பி, கையில இருக்கிறது டான். படத்துல இருக்கிறது மஞ்சக்கிழங்கு. எத எதிர்பார்த்து வாங்குவான்?" என்றார். கேமராவில் இருந்த ஒரிஜினல் படத்தைத் திறந்து பார்த்தேன். கலர் சரியாகவே இருந்தது. எடிட்டிங்கில்தான் கெட்டிருக்கிறது.

நடந்தது இதுதான். பல மானிட்டர்கள், கடையில் பளிச்சென்று தெரிவதற்காக, நீலம் தூக்கலாக வருகின்றன. வெள்ளையின் தன்மையைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். போட்டோ எடிட்டிங்குக்கு 6500 கெல்வின் ஏற்றது. பழைய டப்பா மானிட்டர்கள் பல 9300-ல் இருந்தன. இன்றைய எல்.சி.டி.யிலும் மெனுவில் "கூல்" என்று இருப்பது நீலம் கலந்த வெள்ளைதான். அதில் டான் தோல் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். எடிட் செய்பவர் அதைச் சரிக்கட்ட மஞ்சளைக் கூட்டுவார். அவர் திரையில் படம் அருமை. சரியான திரையில் அதுவே மஞ்சக்கிழங்கு!

கறுப்புக்கும் காப்பிக்கொட்டை பிரவுனுக்கும் உள்ள தகராறு வேறு மாதிரி. அங்கே விஷயம் காமா. இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் உள்ள படிகளைத் திரை எப்படிப் பிரித்துக் காட்டுகிறது என்பதே காமா. விண்டோஸில் வழக்கமான மதிப்பு 2.2. இது பிசகினால் கரும்பிரவுன் ஷூவின் மடிப்பு, தையல் எல்லாம் ஒரே இருட்டாகிவிடும். நீங்கள் வெளிச்சத்தைக் கூட்டுவீர்கள். வாங்குபவர் திரையில் தோல் வெளுத்துப்போய் நிற்கும்.

மானிட்டரைத் தொடுமுன் அறையைக் கவனியுங்கள். இதில் டேனரிக்காரர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. சாயம் போட்ட தோலை, வாங்குபவர் ஒப்புக்கொண்ட சாம்பிள் துண்டோடு வைத்து, லைட் பாக்ஸ் என்ற பெட்டிக்குள் பகல் வெளிச்ச விளக்கு, கடை விளக்கு, குண்டு பல்பு என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். ஒரு விளக்கில் அச்சாகப் பொருந்தும் இரண்டு துண்டுகள் இன்னொரு விளக்கில் வேறுவேறாகத் தெரியலாம். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து மானிட்டரைச் சரி செய்தால் உங்கள் கண்ணும் அப்படித்தான் ஏமாறும். பகல் வெளிச்ச வகை டியூப்லைட் போதும். ஜன்னல் வெயில் திரையில் விழக் கூடாது. டெஸ்க்டாப் பின்னணியைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிவிடுங்கள். நடிகர் படம் பிறகு இருக்கட்டும்.

இப்போது வேலைக்கு வருவோம். மானிட்டரை ஆன் செய்து அரை மணி நேரம் ஓட விடுங்கள். நைட் லைட் வசதியையும், எச்.டி.ஆர். இருந்தால் அதையும் நிறுத்துங்கள். மானிட்டர் மெனுவில் கலர் டெம்பரேச்சரை 6500 அல்லது எஸ்.ஆர்.ஜி.பி. என்று வையுங்கள். பிறகு ஸ்டார்ட் மெனுவில் டி, சி, சி, டபிள்யூ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். கலரைச் சரி செய்யும் விசார்ட் திறக்கும். விண்டோஸ் 7-ல் 2009-ல் வந்த இந்த வசதி விண்டோஸ் 11-லும் இருக்கிறது. தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

முதலில் காமா. வட்டங்களுக்கு நடுவில் உள்ள சிறு புள்ளிகள் மறையும் வரை ஸ்லைடரை நகர்த்துங்கள். அடுத்து பிரைட்னஸ். கோட் போட்ட ஒருவர் படம் வரும். அவருக்குப் பின்னால் எக்ஸ் எழுத்து மங்கலாகத் தெரிய வேண்டும். கோட்டும் சட்டையும் பிரிந்து தெரிய வேண்டும். கரும்பிரவுன் ஷூவுக்கு உயிர் இந்தப் படியில்தான், அவசரப்படாதீர்கள். காண்ட்ராஸ்டில் சட்டையின் சுருக்கமும் பொத்தான்களும் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் இதற்குப் பட்டன் இருக்காது, தாண்டிப் போகலாம். கடைசியில் சிவப்பு, பச்சை, நீலம் ஸ்லைடர்கள். சாம்பல் பட்டைகளில் எந்தச் சாயலும் இல்லாமல் வெறும் சாம்பலாகத் தெரிய வேண்டும். முடிந்ததும் பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் பார்க்க இரண்டு பட்டன்கள் வரும். புதியது முதலில் மஞ்சளாகத்தான் தோன்றும். நீலத் திரைக்குப் பழகிய கண் அது. ஒரு நாள் பொறுங்கள்.

இது கண்ணை நம்பிச் செய்வது. வீட்டுப் படங்களுக்குப் போதும். சம்பளத்துக்கு எடிட் செய்பவர்கள் அளவுகருவி வாங்கிவிடுவது நல்லது. டேட்டாகலர் நிறுவனத்தின் ஸ்பைடர், எக்ஸ்-ரைட் விற்றுவந்து 2021 முதல் காலிப்ரைட் பெயரில் வரும் கருவிகள் எல்லாம் இந்த வகை. திரைமேல் தொங்கவிட்டால் அதுவே கலர்களை அளந்து, ஐ.சி.சி. புரொபைல் என்ற பைலைத் தயாரித்து விண்டோஸிடம் கொடுத்துவிடும். விலை கொஞ்சம் கடிக்கும். நாலு பேர் சேர்ந்து வாங்கிச் சுற்றில் விடலாம். மலிவு லேப்டாப் திரைகளில் ஒரு எச்சரிக்கை: தலையைச் சற்று உயர்த்தினாலே கலர் மாறும் வகைத் திரையை எந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாது.

படம் எடுக்கும்போது ஷூவுக்குப் பக்கத்தில் ஒரு கிரே கார்டு வைத்து முதல் படத்தை எடுங்கள். எடிட்டிங்கில் ஒயிட் பேலன்ஸ் பிக்கரால் அந்தக் கார்டில் கிளிக் செய்தால் விளக்கின் சாயல் போய்விடும். சேவ் செய்யும்போது எஸ்.ஆர்.ஜி.பி.யையே தேர்ந்தெடுங்கள். 1996-ல் ஹெச்.பி.யும் மைக்ரோசாப்டும் சேர்ந்து கொண்டுவந்த இந்தக் கலர் முறைதான் இணையத்தின் பொது மொழி. அடோபி ஆர்.ஜி.பி.யில் சேவ் செய்து அனுப்பினால், அதைப் புரிந்துகொள்ளாத சாப்ட்வேரில் தோல் சோகை பிடித்தது போல் தெரியும்.

பாயின் படங்களை ஒரிஜினலிலிருந்து மறுபடி செய்தேன். ஷூவைத் திரைக்குப் பக்கத்தில், பகல் வெளிச்ச விளக்கில் வைத்து ஒப்பிட்டுத்தான் முடித்தேன். வாங்குபவரின் செல்போன் எந்த "விவிட்" மோடில் இருக்கிறதோ, அது நம் கையில் இல்லை. அதனால் விவரத்தில் "டான், நடுத்தர பிரவுன்" என்று எழுத்திலும் போடச் சொன்னேன்.

மாதம் ஒரு முறை இதைத் திரும்பச் செய்யுங்கள். திரையின் விளக்கு நாளாக நாளாக மங்கும். கிராபிக்ஸ் டிரைவர் மாற்றினாலோ விண்டோஸ் பெரிய அப்டேட் வந்தாலோ, கலர் மேனேஜ்மென்ட் பகுதியில் உங்கள் புரொபைல் இன்னும் டீபால்ட்டாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.