பல் விழுந்தாலும் பயம்தான்

எங்கள் சின்னவனுக்கு முதல் பால் பல் விழுந்த அன்று ராத்திரி முழுக்க ரத்தம் நிற்கவில்லை. "உடம்புச் சூடு, இளநீர் கொடு" என்றார் மாமியார். தவழுகிற வயசிலேயே அவனுக்கு முழங்காலெல்லாம் நீலம் நீலமாகக் கன்றிப்போகும். அக்காக்காரி கிள்ளிவிட்டாள் என்று அவளை நான் அடித்திருக்கிறேன். அந்தப் பாவத்தை எங்கே கொண்டு போய்த் தொலைக்க?

பரிசோதித்து, 'ஹீமோபிலியா ஏ' என்றார்கள். ரத்தம் உறையத் தேவையான 'ஃபேக்டர் 8' என்ற சத்து இவனுக்குக் குறைவு. சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி வருகிறதாம். வெட்டுக்காயத்தைவிட, வெளியே தெரியாமல் மூட்டுக்குள் கசிகிற ரத்தம்தான் மோசம். திரும்பத் திரும்பக் கசிந்தால் கால் முடங்கிவிடும்.

அம்மா வழியில் வருகிற வியாதி என்றதும் எல்லார் பார்வையும் என் மேல். மூன்றில் ஒரு பங்குப் பேருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகவும் வரும் என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவேன்.

இப்போது பழகிவிட்டோம். முழங்கால் சுருக்கென்கிறது என்று அவன் சொன்னாலே போதும், வீங்கட்டும் என்று காத்திருப்பதில்லை. துணியில் சுற்றிய ஐஸ்கட்டியை ஒற்றிக்கொண்டே தூத்துக்குடிக்குக் கிளம்பிவிடுவோம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் ஊசி இலவசம். தலையில் அடிபட்டால் வலி இல்லாவிட்டாலும் ஓடத்தான் வேண்டும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால்; ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் கூடவே கூடாது. சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து உருவக் கூடாது. இடுப்பில் ஊசி போட விடாதீர்கள். ஒரு கிளினிக்கில் அப்படிப் போட்டு, பிள்ளை பத்து நாள் படுத்துக் கிடந்தான்.

பெண்களுக்கும் ரத்தம் உறையாத குறை உண்டு, 'வான் வில்லிபிராண்ட்' என்று பெயர். மாதவிலக்கு ஏழு நாளைத் தாண்டி, மணிக்கொரு தடவை துணி மாற்றும்படி போனால், 'எல்லாருக்கும் உள்ளதுதானே' என்று விட்டுவிடாதீர்கள், சகோதரிகளே.

வேலூர் சி.எம்.சி.யில் 5 ஆண்களுக்கு மரபணு சிகிச்சை செய்ததில் ரத்தக்கசிவே இல்லை என்று 2024-இல் செய்தி வந்தது. இவன் காலத்தில் நம் கைக்கும் எட்டும் என்று இருக்கிறேன்.

மூத்தவளுக்கு வரன் பார்க்கிறோம். அவளையும் பரிசோதித்தோம். நோயில்லை, ஆனால் கடத்துபவள். பிறக்கும் ஒவ்வொரு ஆண் பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அது தெரிந்த பின் என் பழைய வாதமும் போச்சு. "சொல்லாமலே முடித்துவிடலாம்" என்றார் அவள் அப்பா. அவள் கேட்கவில்லை. போன வாரம் பெண் பார்க்க வந்தவர்களிடம் காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தானே சொன்னாள். "யோசித்துச் சொல்கிறோம்" என்று போனார்கள். இன்னும் தகவல் இல்லை.