கணினி வரைபடமும் கணக்கு வகுப்பும்

ஆட்டோகேட் மென்பொருளில் வீட்டு பிளான் வரைவதைப் பார்க்கும் மாணவர்கள், அது மவுஸைப் பிடித்துக் கோடு இழுக்கும் வேலை என்றே நினைக்கிறார்கள். ஆனால் வரைவாளர் வேலைக்குப் போகும் பிள்ளைகளின் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் திருத்தங்கள்தாம். எல்லாத் தாள்களிலும் சன்னல் அகலத்தை மாற்று, எழுத்தின் உயரத்தைக் கூட்டு, லேயர் பெயர்களை ஒரே மாதிரி ஆக்கு என்று வந்துகொண்டே இருக்கும். பாலிடெக்னிக் முடித்துக் கட்டட வரைவு அலுவலகத்தில் சேர்ந்த என் முன்னாள் மாணவர் ஒருவர், ஒரே திருத்தத்தை அறுபது கோப்புகளில் ஒவ்வொன்றாகத் திறந்து செய்ததாகச் சொன்னார். அந்த வேலையைக் கணினியிடமே ஒப்படைக்கலாம். அதற்கு வேண்டிய அடிப்படை நம் கணக்கு வகுப்பில் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஆட்டோகேட் திரையின் அடிப்பகுதியில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய ஓர் இடம் உண்டு. அங்கே தட்டுவதை நோட்பேடில் வரிசையாக எழுதி, எஸ்சிஆர் என்ற பின்னொட்டுடன் சேமித்தால் அதுவே ஸ்கிரிப்ட். முதல் வரியில் லைன் கட்டளை. அடுத்தடுத்த வரிகளில் 0,0 பிறகு 4000,0 பிறகு 4000,3000 பிறகு 0,3000. கடைசியில் மூடுவதற்கு ‘சி’. மில்லிமீட்டரில் கணக்கிட்டால் 4 மீட்டருக்கு 3 மீட்டர் அறை தயார். இங்கே ஓர் இடைவெளியும் என்டர் விசையும் ஒன்றே. கூடுதலாக விழுந்த ஓர் இடைவெளியை இன்னொரு என்டராக எடுத்துக்கொண்டு, அதன்பின் வருவதையெல்லாம் தாறுமாறாக்கிவிடும். ஒற்றுப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கும் தமிழாசிரியர்கள்கூட இவ்வளவு கண்டிப்பு இல்லை!

ஸ்கிரிப்ட் சொன்னதை வரிசையாகச் செய்யும். ‘இப்படி இருந்தால் மட்டும் மாற்று’ என்று நிபந்தனை போட அதனால் ஆகாது. அதற்காக 1986இல் ஆட்டோகேடுக்குள் வந்தது ஆட்டோலிஸ்ப். ஜான் மெக்கார்த்தி 1958இல் உருவாக்கத் தொடங்கிய லிஸ்ப் மொழியின் வாரிசு அது. குழந்தைகளுக்காக 1967இல் சீமோர் பேப்பர்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய லோகோ மொழியும் அதே குடும்பம்தான். ஆமையை ‘நூறு அடி முன்னே போ, தொண்ணூறு பாகை திரும்பு’ என்று நடத்தும் லோகோவும், பெரிய கட்டடத்தின் வரைபடத்தைத் திருத்தும் ஆட்டோலிஸ்ப்பும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

ஆட்டோகேட் இல்லாத பள்ளியில் என்ன செய்வது? லிப்ரேகேட் இலவசம். அதில் ஒரு வட்டமும் ஒரு கிடைக்கோடும் வரைந்து, டிஎக்ஸ்எஃப் ஆர்12 வடிவில் சேமித்து, அக்கோப்பை நோட்பேடில் திறந்து காட்டுங்கள். மாணவர்கள் எதிர்பார்ப்பது படம். கிடைப்பது வரிவரியாக எழுத்தும் எண்ணும். ஒவ்வொரு குறியீட்டு எண்ணுக்கும் அடுத்த வரியில் அதன் மதிப்பு இருக்கும். 8 என்றால் லேயர் பெயர். 10, 20 என்றால் வட்ட மையத்தின் எக்ஸ், ஒய் ஆயத்தொலைகள். 40 என்றால் ஆரம். இடையே வேறு சில இணைகளும் வரும், அவற்றைத் தொட வேண்டாம். 40க்குக் கீழே உள்ள எண்ணை இரட்டிப்பாக்கிச் சேமித்து மீண்டும் திறந்தால் வட்டம் பெரிதாகியிருக்கும். கோட்டுக்கு 10, 20 தொடக்கப்புள்ளி. 11, 21 முடிவுப்புள்ளி. கோட்டை வலப்பக்கம் 500 நகர்த்தச் சொல்லுங்கள். 10க்குரிய மதிப்பில் மட்டும் 500 கூட்டி, 11ஐ விட்டுவிடும் மாணவருக்குக் கோடு நகராது, நீளம்தான் மாறும். ஒன்பதாம் வகுப்பின் ஆயத்தொலை வடிவியலுக்கு இதைவிட நல்ல துணைக்கருவியை நான் பார்த்ததில்லை. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் படிப்பவர்கள், இதே மாற்றத்தை ஒரு மடக்குக்குள் போட்டு நூறு கோடுகளுக்கும் செய்துவிடுவார்கள்.

உண்மையான சிக்கல் இனிமேல்தான். சன்னல் அகலம் 1200இலிருந்து 1350 ஆக வேண்டும் என்று வையுங்கள். ‘1200 என்று இருக்கும் இடமெல்லாம் 1350 என்று மாற்று’ என்பது மாணவர்கள் முதலில் எழுதும் விதி. அதே தாளில் ஒரு கதவும் 1200 இருக்கலாம், நடைபாதையும் 1200 இருக்கலாம், எல்லாமே மாறிப்போகும். சன்னல் லேயரில் இருப்பதை மட்டும் மாற்று என்று விதியைச் சுருக்கினாலும் போதாது. எழுதிய எண் மாறும், வரைந்த கோடு பழைய நீளத்திலேயே நிற்கும். களத்தில் மேஸ்திரி கோட்டை அளந்து பார்ப்பதில்லை, எண்ணைத்தான் படிக்கிறார். கையால் செய்தால் ஒரு தாளில் நேரும் தவறு, ஸ்கிரிப்டில் அறுபது தாளிலும் சில நொடிகளில் நேர்ந்துவிடும். (சன்னலை முதலிலேயே ‘பிளாக்’ ஆக வரைந்திருந்தால், அதன் மூலத்தை ஒரு முறை திருத்தினாலே அத்தாளின் எல்லாச் சன்னல்களும் மாறிவிடும். ஸ்கிரிப்டே தேவையில்லாத இடங்களும் உண்டு.)

ஆகவே மாணவர்களிடம் நான் கேட்பது மூன்றுதான். எதை மாற்ற வேண்டும், எதைத் தொடக்கூடாது, எத்தனை மாற வேண்டும் என்பதைக் கணினியைத் தொடும் முன்பே தாளில் எழுதிவிட வேண்டும். பிறகு கோப்பின் நகலில் மட்டும் ஓட்ட வேண்டும். தாளில் 24 சன்னல் என்று எழுதியிருக்க, கணினி 31 மாற்றியதாகச் சொன்னால், கூடுதலான அந்த ஏழும் எவை என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் அன்றைய வீட்டுப்பாடம்.

தொடக்க வகுப்புகளில் கணினியே வேண்டாம். தரையில் சாக்கட்டியால் கட்டம் போட்டு ஒரு குழந்தையை நிறுத்தி, மற்றவர்கள் சொல்லும் கட்டளையை மட்டும் கேட்டு நடந்து சதுரம் வரையச் சொல்லலாம். ‘திரும்பு’ என்று மட்டும் சொன்னால் அந்தக் குழந்தை அசையக் கூடாது. எந்தப் பக்கம், எவ்வளவு என்று சொல்லும்வரை அப்படியே நிற்கட்டும்.