கைபேசியில் வரும் கங்காணி

"சாமி, பையனுக்கு ஒரு நன்னடத்தைப் பத்திரம் வேண்டும். கனடா தேசத்தில் வேலை கிடைத்திருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு, சென்ற தவக்காலத்தில் ஒருநாள் மாலை நம் பங்கைச் சேர்ந்த தகப்பனார் ஒருவர் அறைவீட்டுக்கு வந்தார். சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலையொன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக உழைப்பவர். மகன் பாலிடெக்னிக் படித்தவன். அவர் முகத்தில் அன்று கண்ட மகிழ்ச்சியை நான் பல ஆண்டுகளாகக் கண்டதில்லை. எந்த நிறுவனம், யார் அழைத்தார்கள் என்று ஒரு வார்த்தை கேளாமல் கையொப்பமிட்டுப் பங்கு முத்திரையும் குத்திக் கொடுத்தேன். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்துக்காகவே இக்கட்டுரையை எழுதவேண்டியவனாயிருக்கிறேன்.

மூன்று வாரங்கள் கழிந்திருக்கும். பக்கத்துப் பங்கின் குருவானவர் தொலைபேசியில் அழைத்தார். "நீங்கள் சிபாரிசு செய்யும் கனடா நிறுவனம் நம்பத்தக்கதுதானா?" என்று அவர் கேட்டபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் அனுப்பிவைத்த படத்தைப் பார்த்த பிறகே விளங்கிற்று. நான் எழுதிக்கொடுத்த பத்திரம், என் கையொப்பத்தோடும் முத்திரையோடும், வாட்ஸ்அப் குழுவொன்றில் சுற்றிக்கொண்டிருந்தது. "பங்குச் சாமியாரே உறுதி கூறிய நிறுவனம்" என்று அதன்கீழ் எழுதியிருந்தார்கள். ஒரு வீட்டாரை ஏமாற்றிய கையோடு அடுத்த வீட்டாரைப் பிடிப்பதற்கு என் முத்திரையே தூண்டிலாகிவிட்டது.

அன்றிரவே அந்த வீட்டுக்குச் சென்றேன். பதிவுக் கட்டணம் என்று 15,000 ரூபாய். மருத்துவச் சோதனைக்கு 45,000. விசா முத்திரைக்கு 1,20,000. ஆக 1,80,000 ரூபாய் போயிருந்தது. தாயாரின் சங்கிலி அடகுக் கடையில் இருந்தது. சீட்டையும் தள்ளி எடுத்திருந்தார்கள். மறுநாள் காலை 2 லட்சம் "திருப்பித் தரப்படும் காப்புத்தொகை" கட்டவேண்டும் என்று, வீட்டுப் பத்திரத்தை வட்டிக்குக் கொடுப்பவரிடம் பேசிவைத்திருந்தார்கள்.

மகன் என்மேல் கோபப்பட்டான். "நான் இந்த ஊரிலேயே கிடக்கவேண்டும் என்று நினைக்கிறீர்களா, சாமி?" என்றான். அவன் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. இந்தப் பகுதியில் பிறந்த பிள்ளைகள் வெளியேற விரும்புவதைப் பேராசை என்று நான் சொல்லமாட்டேன். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டி ஆலை விபத்தில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டதை நம்மில் யார் மறந்தோம்? 2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் சரவெடியையும் பேரியம் கலந்த வெடிகளையும் தடைசெய்து தீர்ப்பளித்தபின், ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்ததையும், கூலி இல்லாத வீடுகளில் அடுப்பு எரிந்த விதத்தையும் அறிவோம். தகப்பன் தன் மகனை மருந்து அறையின் வாசல் மிதிக்காமல் வளர்க்க விரும்புவது தகப்பனுக்குரிய விருப்பமே. சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் வந்ததும் ஊரைவிட்டுப் புறப்பட்டவர்களால்தானே! 1922இல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பியிராவிட்டால் இவ்வூரின் சரித்திரம் வேறு.

ஆனால் புறப்படுவது வேறு, பிடித்துக்கொண்டு போகப்படுவது வேறு. விருதுநகர் மாவட்டம் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அந்த வறண்ட சீமையிலிருந்து நம் பாட்டன்மார் பலர் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனார்கள். தோட்டத்துக் கங்காணி சொந்த ஊருக்கு வந்து, முன்பணம் கொடுத்து, அக்கரையில் செல்வம் கொழிப்பதாகச் சொல்லி ஆள் சேர்த்தார். இலங்கையில் அந்தக் கடனைத் "துண்டு" என்ற சீட்டில் எழுதிவைத்தார்கள். தொழிலாளி தோட்டம் மாறினால் கடனும் அவன் பின்னால் மாறும். 1921இல்தான் அம்முறை ஒழிந்தது. இன்றைய கங்காணி கைபேசிக்குள் இருக்கிறான். பழைய கங்காணியாவது முன்பணம் கொடுத்தான்; இவன் முன்பணம் வாங்குகிறான். அவன் முகத்தையாவது ஊரார் அறிவார்கள். இவன் முகத்தை யார் கண்டது?

பணம் மட்டும் போனால் ஆறுதல் கொள்ளலாம் என்று சொல்லத்தக்க நிலைமையும் உண்டு. தாய்லாந்தில் கணினி வேலை, நல்ல சம்பளம் என்று சமூக வலைத்தளங்களில் வந்த விளம்பரத்தை நம்பிப் பல இந்திய இளைஞர்கள் சென்றார்கள். பாங்காக்கில் இறங்கியவர்களை மே சோட் என்ற எல்லை நகருக்குக் கொண்டுபோய், ஆற்றைக் கடக்கவைத்து, மியான்மரின் மியாவடிப் பகுதியில் அடைத்தார்கள். அங்கே கடவுச்சீட்டு பறிபோயிற்று. கொடுத்த வேலை என்ன தெரியுமா? பெண்ணைப்போல் பொய்ப் பெயரில் பழகி, வேறு நாட்டாரை ஏமாற்றிப் பணம் பறிப்பது. மறுத்தவர்களுக்கு அடி. 2022 செப்டம்பர் 24ஆம் நாள் நம் வெளியுறவு அமைச்சகம் இதுபற்றிப் பகிரங்க எச்சரிக்கை விடுத்தது. அடுத்த மாதத் தொடக்கத்தில் தமிழர் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தனர். அத்துடன் முடிந்ததா? 2025 மார்ச் 10, 11 ஆகிய இரு நாட்களில் மட்டும் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்கள் மே சோட்டிலிருந்து ஏற்றிவந்தன. ஏமாற்றப்பட்டவனையே ஏமாற்றுக்காரனாக்கும் இக்கொடுமையை என்னென்பது!

ரஷ்யாவில் உதவியாளர் வேலை என்று யூடியூப் வாயிலாக அழைக்கப்பட்டவர்கள் போர்முனைக்கு அனுப்பப்பட்ட செய்தியையும் படித்திருப்பீர்கள். 2024 மார்ச்சில் மத்திய புலனாய்வுத் துறை ஏழு நகரங்களில் சோதனை நடத்தியது. அவற்றில் ஒன்று நம் மதுரை.

அந்த இளைஞனின் கதைக்கு வருகிறேன். வேலைக் கடிதத்தில் பெரிய நிறுவனமொன்றின் பெயர் இருந்தது. கடிதத்தில் கண்ட எண்ணை விட்டுவிட்டு, அந்நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள முகவரிக்கு எழுதிக் கேட்போம் என்றேன். இரண்டு நாளில் பதில் வந்தது: அப்படியொரு வேலையே இல்லை. பணம் சென்ற கணக்கோ, வடமாநில வங்கியொன்றில் தனிநபர் பெயரில் இருந்தது. கனடா அரசுக்குச் செலுத்தும் கட்டணம் ஒரு தனிமனிதனின் கணக்குக்கு ஏன் போகவேண்டும் என்று அப்போதுதான் பையனுக்கும் உறைத்தது.

மெய்யான வழி எப்படியிருக்கும் என்று தெரிந்தால் பொய்யான வழி தானே வெளிப்படும். அயல்நாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் எவரும் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்கவேண்டும். பதிவு பெற்றோர் பெயர்ப்பட்டியல் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் எவரும் பார்க்கும்படி இருக்கிறது. அப்படிப்பட்டவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான் வாங்கலாம். கனடாவில் அயல்நாட்டுத் தொழிலாளியை அமர்த்த அரசின் ஒப்புதல் தேவைப்படும் வேலைகளில், ஓர் இடத்துக்கு 1,000 டாலர் கட்டணத்தை முதலாளியே கட்டவேண்டும். அதைத் தொழிலாளியிடம் வசூலிப்பது குற்றம். திறமை அடிப்படையில் குடியேற விரும்புவோர் மொழித்தேர்வு எழுதவேண்டும். "தேர்வில்லை, அனுபவம் தேவையில்லை, தொண்ணூறு நாளில் குடும்பத்தோடு நிரந்தரக் குடியுரிமை" என்று நம் பையனுக்கு வந்த விளம்பரத்தின் முதல் வரியே பொய். இன்னொன்று: "அமெரிக்கக் குலுக்கலில் உங்களுக்குப் பரிசு விழுந்தது" என்று செய்தி வருகிறது. அப்படியொரு குலுக்கல் உண்டுதான். ஆனால் அமெரிக்காவுக்கு ஏற்கெனவே அதிகம் பேர் குடியேறியுள்ள நாடுகளை அதில் சேர்ப்பதில்லை. ஆகவே இந்தியாவில் பிறந்தோர் பொதுவாக அதில் கலந்துகொள்ளவே இயலாது.

கேட்பதற்கு இடமில்லாமலும் இல்லை. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்கிவருகிறது. பணத்தை அனுப்பிவிட்டவர்கள் அந்நேரமே 1930 என்ற எண்ணுக்கு அழைக்கவேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுமுன் வங்கி அதை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. நாங்கள் அழைத்தபோது கடைசித் தொகை போய்ப் பதினொரு நாள் ஆகியிருந்தது. புகார் பதிவாயிற்று, பணம் இதுவரை திரும்பவில்லை. வீட்டுப் பத்திரம் மட்டும் வீட்டிலேயே இருக்கிறது.

இத்தனையும் ஏன் ஒருவருக்கும் தெரியாமல் நடந்தது என்று அந்தத் தாயாரைக் கேட்டேன். "விசா கையில் வரும்வரை யாரிடமும் சொல்லவேண்டாம், இடம் கொஞ்சம்தான் இருக்கிறது என்று அவர்களே சொன்னார்கள், சாமி. நாமும் நல்ல காரியத்தை முடியுமுன் வெளியில் சொல்லமாட்டோமே, கண்பட்டுவிடாதா?" என்றார். நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பெண் பார்ப்பதையும் நிலம் வாங்குவதையும் முடியும்வரை மூடிவைப்பது நம் வீடுகளின் பழக்கம். மோசக்காரன் அதை நன்றாய் அறிந்திருக்கிறான். சொந்த மைத்துனரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நான்கு கேள்வி கேட்டிருப்பார். என்னிடம் சொன்னார்கள், நான்தான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூசையில் பிரசங்கத்தின் முடிவில், என் முத்திரையோடு சுற்றும் அந்தப் பத்திரத்தை நம்பவேண்டாம் என்றும், கேளாமல் எழுதிக்கொடுத்தது என் தவறு என்றும் அறிவித்தேன். குடும்பத்தின் பெயரைச் சொல்லவில்லை. பூசை முடிந்து உடைகளை மாற்றிக்கொண்டிருந்தபோது ஒருவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்து கைபேசியை நீட்டினார். அவர் போனதும் இன்னொருவர் வந்தார். ஒருவருக்கொருவர் தெரியாதபடி, முன்னவர் போகட்டும் என்று கெபியின் பின்னால் காத்திருந்திருக்கிறார்கள். மொத்தம் நான்கு வீட்டார். அவர்களில் இருவர் பணமும் கட்டிவிட்டார்கள். புறப்பட்டவர்களையும் திரும்ப அழைத்து, நால்வரையும் அறைவீட்டில் ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைத்து, கைபேசிகளை வரிசையாக வைக்கச் சொன்னேன். நான்கிலும் இருந்தது ஒரே கடிதம். பெயர் மட்டும்தான் வேறு.