கண்ணுள்ள வலை

இரவில் படகை நங்கூரமிட்டு, முதுகில் காற்று உருளையும் கையில் டார்ச்சுமாகக் கடலடியில் சிங்கி இறால் தேடுவது கலிபோர்னியாவில் பலருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. விதிகள் கறாரானவை. கையால் மட்டும்தான் பிடிக்கலாம், ஈட்டியும் கொக்கியும் கூடாது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏழு. ஓடு அளவுக்குக் குறைந்திருந்தால் அங்கேயே விட்டுவிட வேண்டும். அதே நாட்டின் எதிர்க்கரையில், மெய்ன் மாநிலத்தில், முக்குளித்துச் சிங்கி எடுப்பதே குற்றம். கூண்டு வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அங்கே கிடைப்பது பெரிய கொடுக்கு உள்ள வேறு இனம் என்றாலும் கேள்வி ஒன்றுதான். பிடிக்கும் முறையில் நேரெதிராக நிற்கும் இந்த இரண்டு கரைகளும் முட்டை சுமக்கும் பெண்ணை விட்டுவைப்பதில் ஒத்துப்போகின்றன. கலிபோர்னியா அந்த மாதங்களில் பருவத்தையே மூடிவிடுகிறது. மெய்ன் மீனவர்கள் முட்டையோடு வரும் பெண்ணின் வால் துடுப்பில் ஒரு வெட்டு போட்டுக் கடலில் விடுகிறார்கள். அடுத்த முறை முட்டையில்லாமல் கூண்டில் சிக்கினாலும் அந்த வெட்டு அதைக் காப்பாற்றும். முக்குளிக்கலாமா கூடாதா என்று நாம் வாதாடுவதற்கு முன் இதைக் கவனித்திருக்க வேண்டும்.

காரைக்காலுக்கு இந்த விளையாட்டு வருமா என்றால், பாதி பதில் கடலிலேயே இருக்கிறது. அரசலாறும் காவிரியின் மற்றக் கிளைகளும் கொண்டுவந்து கொட்டிய வண்டலும் மணலும்தான் இங்கே கடலடி. மீனவர்கள் ‘பார்’ என்று சொல்லும் கல்தரை கன்னியாகுமரிப் பக்கமோ மன்னார் வளைகுடாவிலோ இருப்பதுபோல இங்கே விரிந்து கிடக்கவில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுத் தண்ணீர் இறங்கிவிட்டால் நீட்டிய கை தெரியாது. ஆகவே காரைக்கால்மேட்டிலோ கிளிஞ்சல்மேட்டிலோ கரைசேரும் சிங்கி பெரும்பாலும் வலைக்கு வந்தது: அடியில் விரிக்கும் செவுள்வலை, டிஸ்கோ வலை, தப்பினால் இழுவை மடி. பகலில் இடுக்கில் ஒண்டிக் கிடந்து, இருட்டியபின் இரைக்கு நடக்கும் பிராணி அது. நிலா வெளிச்சம் அதற்கு ஆகாது, அமாவாசையை ஒட்டிய இரவுகளில்தான் நடமாட்டம் அதிகம். வலையும் டார்ச்சும் காத்திருப்பது அந்த நடைக்காகத்தான். இனி செயற்கைப் பார்கள் பெருகி, கல்லைத் தேடிச் சிங்கி வரத் தொடங்கினால் முக்குளிப்பவர்களும் பின்னால் வரக்கூடும். அதற்குள் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

முக்குளித்துப் பிடிப்பதில் எனக்கு மறுப்பில்லை. மற்ற எல்லா முறைகளையும்விட அதுதான் நாகரிகமானது என்றே நினைக்கிறேன். இழுவை மடி கடலடியை வழித்துக்கொண்டு போகிறது; மேலே வரும்போது மீசை ஒடிந்து கால் உதிர்ந்த சிங்கியைத் திரும்பக் கடலில் போட்டாலும் பிழைப்பது சந்தேகம். இரவெல்லாம் கிடக்கும் வலை குஞ்சையும் தாயையும் பிரித்துப் பார்க்காது. முக்குளிப்பவன் மட்டுமே பிடிக்கும் முன் பார்க்கிறான். வெளிச்சத்தில் கண் மினுங்குகிறது, மீசை அசைகிறது. பக்கவாட்டில் திருப்பினால் வால் அடியில் ஆரஞ்சுக் கொத்தாக ஒட்டியிருக்கும் லட்சக்கணக்கான முட்டைகள் தெரியும். பொரிக்கும் நாள் நெருங்கினால் நிறம் பழுப்பாகும். வலைக்கு இந்த அறிவு கிடையாது, அதனால் அதற்குப் பொறுப்பும் கிடையாது. கண்ணால் பார்த்தபின் பையில் போடுகிறவன் தெரிந்து செய்கிறான். முட்டைக்கும் சேர்த்துத்தான் எடை போடுகிறார்கள் என்றால் அவன் ஏன் விடப்போகிறான்? என் கவலை காற்று உருளையைப் பற்றியது அல்ல, கரையில் இருக்கும் தராசைப் பற்றியது.

நம்மிடம் விதி இல்லாமல் இல்லை. 2003இல் வந்த ஏற்றுமதி விதி இனத்துக்கு இனம் குறைந்தபட்ச எடையை வகுத்தது. கல்தரையில் வாழும் பனுலிரஸ் ஹோமாரஸ் 200 கிராம், சேற்றுத் தரையை விரும்பும் பாலிஃபேகஸ் 300 கிராம், வண்ணச் சிங்கியான ஆர்னாட்டஸ் 500 கிராம். நல்ல விதி, ஆனால் அது நிற்பது ஏற்றுமதி வாசலில். 150 கிராம் சிங்கி வெளிநாட்டு விமானம் ஏற முடியாதே தவிர, நட்சத்திர ஓட்டல் தட்டில் ஏற அந்த விதி தடை போடவில்லை. இலங்கையில் பிப்ரவரி, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சிங்கி பிடிக்கவே கூடாது. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு, ஆனால் அது பொதுத் தடை. சிங்கியின் முட்டைக் காலத்தைப் பார்த்து வகுத்ததல்ல. அடியில் வலை விரிக்கும் நாட்டுப்படகுகளை அது தொடுவதும் இல்லை.

காரைக்காலுக்கு இன்னொரு சிக்கல். வடக்கே மயிலாடுதுறை மாவட்டம், தெற்கே நாகப்பட்டினம் மாவட்டம், நடுவில் சின்னஞ்சிறு கரையோடு புதுச்சேரி ஆட்சிக்குட்பட்ட காரைக்கால். கடலோர மீன்பிடிப்பு மாநிலப் பொறுப்பு என்பதால் ஒரே கடலடியில் இரண்டு சட்டங்கள். சரக்கு மலிவு என்று வாஞ்சூர் எல்லைக்கு ஆள் வருவது பழைய கதை. ஒரு பக்கம் மட்டும் முட்டைச் சிங்கியைத் தடுத்தால் மறுபக்க ஏலக்கூடத்துக்கு அது போய்ச் சேரும். நடந்துகூடப் போக வேண்டாம், படகைத் திருப்பினால் போதும்.

விவரம் தெரிந்தவர்கள் எழுப்பும் ஆட்சேபம் ஒன்று உண்டு. முட்டையிலிருந்து வரும் சிங்கிக் குஞ்சு கண்ணாடித் தகடு போல இருக்கும். தாயின் சாயலே இராது. மாதக்கணக்கில் நீரோட்டத்தோடு அலைந்தபின்தான் தரை தேடும். காரைக்காலில் விட்ட தாயின் பிள்ளை எந்தக் கரையில் ஒதுங்கும் என்று யார் சொல்ல முடியும்? அப்படியிருக்க நாம் ஏன் விடவேண்டும் என்பது அவர்கள் வாதம். எனக்கு இது நேர்மாறாகவே படுகிறது. நம் கடலுக்கு வரும் சிங்கியும் யாரோ விட்ட தாயின் பிள்ளைதானே. தவிர, அலைகிற குஞ்சு என்பதால் நிர்வாகம் சாத்தியமில்லை என்பதும் தவறு. மேற்கு ஆஸ்திரேலியாவில் கரை ஒதுங்கும் குஞ்சுகளை ஆண்டுதோறும் எண்ணுகிறார்கள். 2007க்குப் பின் எண்ணிக்கை சரிந்தபோது, பிடிப்பு குறையும்வரை காத்திருக்காமல் சுமார் 11,000 டன்னாக இருந்த பிடிப்பைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்கள். அங்கே தொழில் நிலைத்தது. மாறாக, மும்பைக் கடலில் நீண்ட மீசையில்லாத தட்டைச் சிங்கி இழுவை மடிகளில் ஏராளமாக வந்துகொண்டிருந்தது. முட்டைத் தாய்களும் சேர்ந்தே வாரப்பட்டன. 1990களின் நடுவில் அந்தப் பிடிப்பே இல்லாமல் போயிற்று. பண்ணையில் வளர்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு: முட்டையிலிருந்து சிங்கி வளர்ப்பது வணிக அளவில் நம் நாட்டில் இன்னும் கைகூடவில்லை. கூண்டில் வளர்ப்பதும் கடலிலிருந்து எடுத்த குஞ்சைத்தான்.

பிழைப்பைக் கெடுக்காதே என்ற குரலும் நியாயமானதுதான். ஆனால் முக்குளிப்புப் பிழைப்பு ஆளையும் கெடுக்கும். ஹோண்டுராஸில் சிங்கி முக்குளிப்புத் தொழிலில் முடமான, மாண்ட மிஸ்கிட்டோ பழங்குடியினர் 42 பேர் சார்பான வழக்கில் 2021இல் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் அந்த நாட்டையே பொறுப்பாளியாக்கியது. ஆழத்திலிருந்து அவசரமாக ஏறுகிறவனின் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டும். தூத்துக்குடியில் கம்ப்ரசர் காற்றில் சங்கு எடுப்பவர்களுக்கும் இந்த ஆபத்து புதிதல்ல.

விதி எங்கே வேண்டும் என்பதில்தான் என் பிடிவாதம். கடலில் இரவில் யாரும் காவல் நிற்க முடியாது. முட்டையைச் சுரண்டிவிட்டு வெறும் பெண்ணாக விற்கும் தந்திரம் பல நாடுகளில் உண்டு. மெய்னில் அதைக் கண்டுபிடிக்கத் தனிச் சோதனையே இருக்கிறது. ஆகவே கேள்வி வாங்குகிறவனிடம் கேட்கப்பட வேண்டும்: ஏலக்கூடம், கொள்முதல் வியாபாரி, ஓட்டல் சமையற்கூடம். எடை குறைந்தாலும் முட்டை இருந்தாலும் சுரண்டிய தடம் தெரிந்தாலும் அபராதம் அவருக்கே. சுருக்குமடி வலையை அனுமதிப்பதா தடுப்பதா என்ற விவகாரத்தில் மீனவக் கிராமப் பஞ்சாயத்துகள் எல்லைக் கோடு பார்க்காமல் கூடிப் பேசியிருக்கின்றன. சிங்கிக்காகவும் பட்டினச்சேரியும் நாகூரும் ஒரே நாளில் ஒரே தீர்மானம் போடலாம். இரண்டு அரசுகளும் அதைச் சட்டமாக்க எத்தனை வருடம் எடுத்துக்கொள்ளும் என்பது வேறு கணக்கு.