சிக்னலில் நின்றால் கார் நடுங்குதா? பார்ட்ஸ் மாற்றும் முன் இதை செக் பண்ணுங்க!

பைபாஸில் 80-ல் போகும்போது கார் ஜம்முனு போகுது. ஆனால் சிக்னலில் நின்றதும் ஸ்டீயரிங் வரை நடுக்கம். ஆர்பிஎம் முள் மேலும் கீழும் ஆடுது. சில நேரம் இன்ஜினே ஆஃப் ஆயிடுது. மெக்கானிக்கிடம் போனால் ஒரு ரவுண்ட் ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாதானே சார் ஓடுது" என்கிறார். அப்புறம் ஸ்பார்க் பிளக் மாற்றியாச்சு, இன்ஜெக்டர் கிளீனிங்கும் பண்ணியாச்சு. பில் ஏறியதே தவிர நடுக்கம் நிற்கவில்லை.

உங்கள் பெட்ரோல் காரிலும் இதே கதை என்றால், காரணம் விரிசல் விட்ட ஒரு சின்ன ரப்பர் டியூபாகக்கூட இருக்கலாம். இதைத்தான் 'வேக்யூம் லீக்' என்கிறார்கள். பெரிய கருவி எதுவும் இல்லாமல் வீட்டு வாசலிலேயே இதைத் தேடிப் பார்க்கலாம். எப்படின்னு பார்ப்போம்.

வேக்யூம் லீக் என்றால் என்ன?

ஏர் ஃபில்டர், த்ரோட்டில் பாடி, இன்டேக் மேனிஃபோல்டு என்ற வழியாகத்தான் இன்ஜினுக்குள் காற்று போகும். ஆக்சிலரேட்டரில் கால் வைக்காதபோது த்ரோட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன்களோ காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம், வெளியே இருப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இதுதான் வேக்யூம்.

இந்த இடத்தில் ஒரு டியூபில் விரிசலோ, கேஸ்கெட்டில் இடைவெளியோ இருந்தால், வெளிக்காற்று அந்த வழியாக உள்ளே புகுந்துவிடும். சென்சார் கணக்கில் வராத காற்று இது. பெட்ரோல் இன்ஜினில் 1 கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று என்பதுதான் சரியான கலவை. காற்று கூடினால் கலவை நீர்த்துப்போகும், சிலிண்டர் சரியாக எரியாது. அதான் நடுக்கம்.

சிக்னலில் மட்டும் ஏன்?

ஐடிலிங்கில் இன்ஜினுக்குத் தேவையான காற்று ரொம்பக் குறைவு. அதில் லீக் வழியாக வரும் கொஞ்சம் காற்றும் பெரிய பங்கு. வேகமாகப் போகும்போது த்ரோட்டில் நன்றாகத் திறந்து காற்று ஏராளமாக வரும், உள்ளே வேக்யூமும் குறைந்துவிடும். லீக் இருப்பதே தெரியாது. மெக்கானிக் ஓட்டிப் பார்க்கும்போது கார் நல்லபடியாக ஓடுவது இதனால்தான்.

காற்றின் அளவுக்குப் பதில் மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் சென்சார் உள்ள கார்களும் உண்டு. அவற்றில் நடுக்கத்தைவிட, ஐடிலிங் ஆர்பிஎம் வழக்கத்தைவிட ஏறி நிற்பதுதான் முதலில் தெரியும்.

முதலில் பிரேக்கை செக் பண்ணுங்க!

பிரேக்கை லேசாக மிதித்தாலே கார் நிற்கக் காரணம் பிரேக் பூஸ்டர். பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் இது இன்ஜினின் வேக்யூமில்தான் வேலை செய்கிறது. அந்த ஹோஸில் லீக் என்றால் பெடல் கல் மாதிரி இறுகிவிடும்.

சோதனை சிம்பிள். இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, பெடல் இறுகும் வரை நாலைந்து முறை மிதியுங்கள். மிதித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டருக்கு வேக்யூம் கிடைக்கிறது. இறங்கவே இல்லை, அல்லது மிதிக்கும்போதெல்லாம் 'உஸ்ஸ்' சத்தம் வருது என்றால் காரை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே தேடுவது எப்படி?

காரைத் திறந்தவெளியில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து. நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக் போடுங்கள். துப்பட்டா, தொங்கும் ஐடி கார்டு, தளர்ந்த சட்டைக்கை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று தானே சுற்றத் தொடங்கும், கவனம்.

1. கண்ணால் பாருங்கள்: இன்ஜின் ஆஃப், சூடு ஆறியிருக்க வேண்டும். டார்ச் அடித்து ஒவ்வொரு ரப்பர் டியூபையும் லேசாக வளைத்துப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் டியூபின் முனையிலும் அடிப்பக்கத்திலும்தான் ஒளிந்திருக்கும். கழன்ற டியூப், தளர்ந்த கிளாம்ப், எலி கடித்த தடம் இருக்கிறதா பாருங்கள். ஆயில் மூடியும் டிப்ஸ்டிக்கும் சரியாக மூடாவிட்டாலும் சில கார்களில் இதே தொல்லை வரும்.

2. காதால் கேளுங்கள்: இன்ஜினை ஐடிலிங்கில் விடுங்கள். இரண்டடி நீள ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதருகே பிடித்து, மறுமுனையை ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் கொண்டு போங்கள். லீக் இருக்கும் இடத்தில் 'உஸ்ஸ்' சத்தம் தெளிவாகக் கேட்கும்.

3. விரலால் அழுத்துங்கள்: மென்மையான டியூப்களை ஒவ்வொன்றாக ஒரு நொடி அழுத்திப் பிடியுங்கள். எதை அழுத்தும்போது நடுக்கம் அடங்குகிறதோ, அந்த லைனில்தான் சிக்கல். இறுகிப்போன பழைய டியூப்பை அழுத்தினால் உடைந்துவிடும், அதை விட்டுவிடுங்கள்.

4. தண்ணீர் ஸ்பிரே: சந்தேகப்படும் இணைப்பில் ஸ்பிரே பாட்டிலால் கொஞ்சமாகத் தண்ணீர் அடியுங்கள். 'உஸ்ஸ்' சத்தம் ஒரு நொடி நின்றாலோ, இன்ஜின் சத்தம் மாறினாலோ அங்கேதான் லீக். ஒயர் கனெக்டர், இக்னிஷன் காயில், ஆல்டர்னேட்டர், சூடான எக்ஸாஸ்ட் மேல் தண்ணீர் படக் கூடாது.

கார்ப் கிளீனர், கேஸ் அடிக்கலாமா?

இணையத்தில் நிறைய வீடியோக்களில் கார்ப் கிளீனரையோ எரிவாயுவையோ இன்ஜின் மேல் அடித்துக் காட்டுவார்கள். இரண்டுமே தீப்பற்றக் கூடியவை. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது. வீட்டில் இந்த விஷப்பரீட்சை வேண்டவே வேண்டாம்.

ஸ்கேனர் இருந்தால்?

ஓபிடி ஸ்கேனரை மாட்டி மொபைலிலேயே பார்க்கலாம். 'பி0171' என்ற கோடு வந்தால் கலவையில் காற்று அதிகம் என்று அர்த்தம். 'ஃபியூயல் டிரிம்' எண்ணையும் கவனியுங்கள். ஐடிலிங்கில் பிளஸ் 10 சதவீதத்தைத் தாண்டி, 2,500 ஆர்பிஎம்-ல் இயல்புக்கு இறங்கினால் வேக்யூம் லீக்காக இருக்க வாய்ப்பு அதிகம். அழுத்த சென்சார் உள்ள கார்களில் இந்த எண் பெரிதாக மாறாமலும் போகலாம்.

கண்டுபிடித்தாச்சு, அடுத்து?

டியூப்பை அதே அளவில், வெப்பம் தாங்கும் ஆட்டோமொபைல் ஹோஸாக வாங்கி மாற்றுங்கள். சாதாரண பிளாஸ்டிக் டியூப் இன்ஜின் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். டேப் சுற்றுவது மெக்கானிக் ஷாப் போய்ச் சேரும் வரைக்கும்தான். பிரேக் ஹோஸில் அதுவும் கூடாது.

எதுவும் சிக்கவில்லையா? மேனிஃபோல்டு கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓ-ரிங் போன்ற இடங்களில் லீக் இருக்கலாம். 'ஸ்மோக் டெஸ்ட்' செய்யும் ஷாப்பாகப் பார்த்துப் போங்கள். உள்ளே புகையைச் செலுத்தினால் ஓட்டை எங்கே என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். இன்ஜின் மவுண்ட் தேய்ந்தாலும், த்ரோட்டில் பாடியில் அழுக்கு சேர்ந்தாலும் கூட கார் நடுங்கும். அதனால் அடுத்த முறை ஷாப்புக்குப் போனால், "என்ன மாத்தணும்?" என்று கேட்கும் முன், "வேக்யூம் லீக் செக் பண்ணீங்களா அண்ணே?" என்று கேளுங்கள்.