விளம்பர இடைவேளை ஏன் எரிச்சலூட்டுகிறது?

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், பிரிஞ்சாங் மலையுச்சிக்கு ஏறும் குறுகிய சாலையை ஒட்டிய சரிவுகளில் தேயிலைச் செடிகள் பச்சைப் பாய் விரித்தாற்போல் காட்சியளிக்கின்றன. கடல்மட்டத்திலிருந்து 2,031 மீட்டர் உயரமுள்ள அவ்வுச்சியில் தகவல் தொடர்புக் கோபுரங்கள் நிற்கின்றன. இம்மலைநாட்டில் தேயிலை பயிரிடத் தொடங்கி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகிறது. ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். இங்குள்ள தோட்டங்களில் செடி நட்டவர்களிலும் கொழுந்து பறித்தவர்களிலும் தமிழர்கள் பெரும்பங்கினர்.

தொலைக்காட்சி இந்தத் தோட்டங்களுக்குப் பிந்தி வந்த விருந்தாளி. மலேசியாவில் 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. முதல் தனியார் நிலையமான டிவி 3, 1984இல் வந்தது. 1996இல் அஸ்ட்ரோ துணைக்கோள்வழி ஒளிபரப்பைத் தொடங்கி, வானவில் என்னும் தமிழ் அலைவரிசையையும் வழங்கியது. மலைகள் மறைப்பதால் சாதாரண ஏரியலில் படம் தெளிவாகக் கிடைக்காத பள்ளத்தாக்குகளிலும், கூரையில் ஒரு தட்டைப் பொருத்தினால் தமிழ் நாடகம் பார்க்கலாம் என்ற நிலை உண்டாயிற்று. நாடகத்தோடு விளம்பரமும் சேர்ந்து வந்தது. மாதந்தோறும் கட்டணம் செலுத்துபவருக்கு இது தனிக் குறை. “பணம் கட்டியும் விளம்பரமா?” என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

விளம்பரங்களை மக்கள் ஏன் வெறுக்கிறார்கள் என்று கேட்டால், பலரும் முதலில் சொல்வது சத்தம். நாடகம் ஓடும்போது அளவாக இருந்த ஒலி, விளம்பரம் வந்ததும் வீட்டையே அதிரவைக்கிறது. அடுத்தடுத்து வீடுகள் அமைந்த தோட்டக் குடியிருப்பில் இது சிறிய தொல்லை அன்று. தொட்டிலில் குழந்தை உறங்கும். விடியற்காலையில் எழுந்து வேலைக்குச் செல்ல வேண்டியவர் பக்கத்து அறையில் படுத்திருப்பார். தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியைத் தேடி ஒலியைக் குறைப்பதற்குள் குழந்தை விழித்துவிடும்.

நிலையத்தார் வேண்டுமென்றே ஒலியைக் கூட்டுகிறார்கள் என்று பலர் நினைக்கின்றனர். உண்மை சற்று வேறானது. ஒளிபரப்பில் ஒலியின் உச்ச அளவுக்கு ஒரு வரம்பு உண்டு. நாடகமும் விளம்பரமும் அந்த வரம்பைத் தாண்டுவதில்லை. ஆனால், நாடகத்தில் முணுமுணுப்பும் உண்டு, மௌனமும் உண்டு, எப்போதாவது ஒரு கூச்சலும் உண்டு. விளம்பரம் தயாரிப்பவர்களோ மெல்லிய ஒலிகளையெல்லாம் கருவிகளின் துணையால் உயர்த்தி, ஒவ்வொரு சொல்லையும் உச்ச வரம்பின் அருகிலேயே நிறுத்திவிடுகிறார்கள். மலைத்தொடரையும் மேட்டுநிலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இது விளங்கும். இரண்டின் உச்சியும் ஒரே உயரமாக இருக்கலாம். மலைத்தொடரில் பள்ளங்களும் இருக்கும். மேட்டுநிலமோ எங்கும் உயரமாகவே இருக்கும். நம் காது ஒலியின் உச்சியை மட்டும் அளப்பதில்லை. தொடர்ந்து கேட்கும் ஒலியின் சராசரியைக் கொண்டே ‘இது சத்தம்’ என்று முடிவு செய்கிறது.

காது உணரும் சத்தத்தை அளப்பதற்கான முறையை அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் வெளியிட்டது. அதன் பின்னரே சட்டம் இயற்றுவது எளிதாயிற்று. அமெரிக்காவில், விளம்பரத்தின் சராசரி ஒலி அதனுடன் வரும் நிகழ்ச்சியின் ஒலியைவிட மிகக்கூடாது என்ற சட்டம் 2010இல் நிறைவேறி, 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

அடுத்த குறை, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வது. இதற்கும் காரணம் உண்டு. ஒரு பொருளை அடிக்கடி கண்டாலே மனிதருக்கு அதன்மீது ஒரு பரிச்சயமும் விருப்பமும் தோன்றும் என்பதை ராபர்ட் சயான்ஸ் என்னும் உளவியலாளர் 1968இல் ஆய்வின்வழி காட்டினார். விளம்பரதாரர்கள் இதைப் பிடித்துக்கொண்டனர். ஆனால், அந்த விருப்பம் முடிவில்லாமல் வளர்வதில்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு சலிப்பாகி, பின் வெறுப்பாகவும் மாறக்கூடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும். தமிழ் அலைவரிசைகளைப் போன்று பார்வையாளர் எண்ணிக்கை குறைந்த அலைவரிசைகளில் இத்தொல்லை கூடுதலாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. விளம்பரதாரர்கள் சிலரே என்றால், இடைவேளைகளை அந்தச் சிலரின் விளம்பரங்களைக் கொண்டே நிரப்ப வேண்டியிருக்கும். ஒரே மாலையில் ஒரே மாவு விளம்பரம் ஆறு முறை வந்தால், மாவின் மீது ஆசையா வரும்?

இடைவேளை கதையைக் குலைக்கிறது என்ற குறையைப் பொறுத்தவரை ஒரு வியப்பான செய்தி இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பல நிகழ்ச்சிகளை இடைவேளை இன்றிப் பார்த்தவர்களைவிட, விளம்பர இடைவேளையோடு பார்த்தவர்களே கூடுதலாக இரசித்ததாகத் தெரியவந்தது. ஒரே இன்பத்தில் தொடர்ந்து மூழ்கியிருந்தால் மனம் அதற்குப் பழகிவிடும். சிறு தடை வந்து நீங்கினால் மீண்டும் புதிதாகச் சுவைக்கும் என்பது அவர்கள் தந்த விளக்கம். இடைவேளை கெடுக்கும் என்றுதான் பார்வையாளர்கள் எண்ணியிருந்தார்கள். நாடகத்தில் மாமியார் கதவைத் திறக்கப்போகும் நொடியில் விளம்பரம் போடுபவரை இந்த ஆய்வைக் காட்டி மன்னித்துவிட முடியுமா என்பது வேறு கேள்வி.

ஆகவே, சத்தமும் சலிப்பும் இடையூறும் தொல்லைகள்தாம். ஆனால் ஒலியைக் குறைத்தோ எழுந்து சென்றோ அவற்றைச் சமாளித்துவிடலாம். மனத்தில் தங்கிவிடும் எரிச்சல் வேறிடத்திலிருந்து வருகிறது. டேவிட் ஆக்கர், டொனால்டு புருசோன் ஆகிய இருவர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 524 விளம்பரங்களைப் பற்றிய பார்வையாளர் கருத்துகளை ஆராய்ந்து 1985இல் கட்டுரை வெளியிட்டனர். நம்ப முடியாத போலிச் சூழலைக் காட்டும் விளம்பரமும், ஒருவரின் தோற்றத்தையோ அறிவையோ திறமையையோ மட்டந்தட்டும் விளம்பரமும் எரிச்சலை மிகுவிப்பதை அவர்கள் கண்டனர்.

தோற்றத்தை மட்டந்தட்டுவதற்குச் சிவப்பழகுக் களிம்பு விளம்பரங்களைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் களிம்பு இந்தியாவில் 1975இல் விற்பனைக்கு வந்தது. கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது. களிம்பு பூசிச் சிவந்ததும் வேலையும் மாப்பிள்ளையும் தேடி வருவர். இதுவே இத்தகைய விளம்பரங்களின் வழக்கமான கதை. வெயிலில் நாள் முழுதும் மலைச்சரிவில் நின்று உழைத்த தாயும், அவரைப் போன்ற நிறமுடைய மகளும் சேர்ந்து அமர்ந்து அதைப் பார்க்கும்போது, அந்த முப்பது நொடிகள் அவர்களிடம் என்ன சொல்கின்றன? உன் உழைப்பு உனக்குத் தந்த நிறம் ஒரு குறை என்று சொல்கின்றன. இதை எதிர்த்துச் சென்னையில் 2009இல் தொடங்கிய ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கம் குரல் கொடுத்தது. 2014இல் இந்திய விளம்பரத் தர மன்றம், தோல் நிறத்தைக் காட்டி எவரையும் தாழ்த்தக்கூடாது என்று நெறி வகுத்தது. 2020இல் அக்களிம்பின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லே நீக்கப்பட்டது.

நம் நாட்டிலும் பார்வையாளர்கள் வாய்மூடி இருக்கவில்லை. 2017இல் நோன்புப் பெருநாளையொட்டி வாட்சன்ஸ் நிறுவனம் இணையத்தில் வெளியிட்ட விளம்பரத்தில், ஒரு நடிகையின் முகத்தில் கறுப்பு மை பூசி, அவரைக் கண்டு செல்வர் ஒருவர் திடுக்கிடுவதாகக் காட்டியிருந்தனர். கண்டனம் எழுந்தது. நிறுவனம் விளம்பரத்தை மீட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

இனி, அறிவை மட்டந்தட்டுவது. தேயிலை விளம்பரங்களையே எடுத்துக்கொள்வோம். பனி விலகும் பச்சை மலை, குழலிசை, கசங்காத வண்ணச் சேலை அணிந்த இளம்பெண், அவள் விரல் நுனியில் இரண்டு இலையும் ஒரு கொழுந்தும், முகத்தில் புன்னகை. பல நாட்டுத் தேயிலை விளம்பரங்களில் இக்காட்சியைக் காணலாம். நகரத்தில் இருப்பவருக்கு இது அழகு. கேமரன் மலையில் வேலை செய்தவருக்கோ வேறு நினைவு வரும். பனி என்றால் நனைந்த உடை, வழுக்கும் மண். சரிவில் கால் ஊன்றி நிற்பதற்கே தனிப் பழக்கம் வேண்டும். இன்று இத்தோட்டங்களில் கொழுந்தைப் பெரும்பாலும் கத்தரியாலும் இயந்திரத்தாலும் வெட்டுகின்றனர். வேலை செய்பவர்களிலும் வங்காளதேசம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் பலர். தேநீரைப் பற்றி மற்ற எவரையும்விட நன்கறிந்த ஒருவரிடம், அவருடைய வேலையையே மாற்றிச் சொல்கிறது விளம்பரம். அவர் மறுத்துப் பேச வழியில்லை. பெட்டி பேசும், அவர் கேட்க வேண்டும்.

மொழியிலும் இதே கதைதான். மலாயிலோ இந்தியிலோ எடுத்த விளம்பரத்துக்குத் தமிழ்க் குரல் சேர்க்கும்போது, வாயசைவு ஒரு பக்கமும் சொல் ஒரு பக்கமும் போகின்றன. எந்த வீட்டிலும் எந்தத் தாயும் பேசாத தமிழ் அது. ‘உங்களுக்கு இது போதும்’ என்று ஒதுக்கித் தந்ததாகவே தமிழர் அதை உணர்கின்றனர்.

இதற்கு மாறாக, மக்கள் விரும்பிக் காத்திருந்த விளம்பரங்களும் இந்நாட்டில் உண்டு. காலஞ்சென்ற இயக்குநர் யாஸ்மின் அஹ்மாட் பெட்ரோனாஸ் நிறுவனத்துக்காகப் பெருநாள்தோறும் எடுத்த குறும்படங்கள் அத்தகையவை. அவை சாதாரண மனிதர்களை அவர்கள் பேசும் விதத்திலேயே பேசவிட்டன. பொருளை வாங்கு என்று ஓயாமல் வற்புறுத்தவும் இல்லை. விளம்பரம் என்பதற்காகவே எவரும் அதை வெறுப்பதில்லை என்பதற்கு அவை சான்று.

எரிச்சலூட்டும் விளம்பரத்தைப் பற்றி முறையிட மலேசியாவில் வழி இருக்கிறது. 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் அடிப்படையில் உருவான உள்ளடக்க நெறிமுறை 2004இல் நடப்புக்கு வந்தது. அதில் விளம்பரத்துக்கெனத் தனிப் பகுதி உண்டு. பொதுமக்களில் எவரும் உள்ளடக்க மன்றத்திடம் புகார் அளிக்கலாம். எந்த அலைவரிசை, எந்த நாள், எத்தனை மணி, விளம்பரத்தில் எந்தச் சொல் அல்லது காட்சி தவறு என்பவற்றைக் குறித்துக்கொண்டால் புகார் தெளிவாக அமையும்.