வயலுக்கு நடுவே ஒரு பொதுவழி

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2 லட்சம் கிலோமீட்டருக்கும் அதிகமான பொதுவழிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி தனியார் நிலத்துக்குள்தான் போகிறது. கோதுமை வயல், ஆட்டு மேய்ச்சல் காடு, சில இடங்களில் பெரிய மாளிகையின் தோட்டம் என எதையும் அது விட்டுவைப்பதில்லை. நிலம் உரிமையாளருக்குச் சொந்தம். அதன் குறுக்கே நடக்கும் பாத்தியதை எல்லோருக்கும் சொந்தம். உள்ளூர்க்காரர், வெளிநாட்டுப் பயணி என்ற பேதமும் இல்லை.

இந்தப் பாத்தியதை பெரும்பாலும் நடந்து நடந்தே உண்டானது. ஒரு வழியைப் பொதுமக்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல், ஒளிவுமறைவின்றி, தடையின்றி 20 ஆண்டுகள் பயன்படுத்தி வந்திருந்தால், உரிமையாளர் அதைப் பொதுவுக்கு விட்டுவிட்டதாகவே சட்டம் கருதும். தனக்கு அப்படி ஓர் எண்ணம் இருந்ததில்லை என்பதற்கு அவர் சான்று காட்டினால்தான் விலக்கு. ஒருமுறை பொதுவழியானது, பிறகு ஆள் நடமாட்டமின்றிப் புல் மண்டிப் போனாலும் பொதுவழியே. முறையான ஆணை இல்லாமல் அதை மூடவோ திருப்பிவிடவோ முடியாது. இவற்றையெல்லாம் அளந்து வரைபடமாக்கும் பொறுப்பை 1949-ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்ட நிர்வாகங்களுக்குக் கொடுத்தது. ஒரு பாதை அந்த வரைபடத்தில் ஏறிவிட்டால், அது பொதுவழி என்பதற்கு நீதிமன்றத்தில் வேறு சாட்சி தேவையில்லை.

களத்தில் இந்தச் சட்டம் சின்னச் சின்னப் பொருள்களாகக் கண்ணில் படுகிறது. வேலிக்கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவருக்கான வழி. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் போகலாம். வேலி குறுக்கிடும் இடத்தில் ஏறி இறங்க இரண்டு மரப்படிகள் இருக்கும், அல்லது அரைவட்ட அடைப்புக்குள் அசையும் ஒரு சிறு கதவு இருக்கும். அந்த அடைப்புக்குள் நுழைந்து, கதவைத் தன்னைக் கடந்து தள்ளிவிட்டு, மறுபக்கம் வெளியேற வேண்டும். மனிதருக்கு அது ஒரு நொடி வேலை. மாட்டுக்கு அதில் உடலைத் திருப்ப இடம் போதாது. பூட்டும் வேண்டாம், காவலும் வேண்டாம். இதைவிடச் சிக்கனமான ஏற்பாட்டைக் காண்பது அரிது. வயலின் குறுக்கே போகும் பாதையை விவசாயி உழவுக்காகக் கலைக்கலாம். ஆனால் 14 நாட்களுக்குள் அதைச் சமப்படுத்தி, குறைந்தது 1 மீட்டர் அகலத்துக்குத் திரும்பவும் தெளிவாக்கித் தந்தாக வேண்டும். கதிர் முற்றிய கோதுமைக்கு நடுவே வகிடு எடுத்ததுபோல் ஒரு கோடு ஓடுவது இதனால்தான்.

ஆற்றுப் பள்ளத்தாக்குப் பாதைகளுக்கு வேறொரு பூர்விகம் உண்டு. தேம்ஸ் போன்ற ஆறுகளில் சரக்குப் படகுகளைக் கரையிலிருந்து குதிரைகள் கயிறு கட்டி இழுத்தன; குதிரை நடந்த தடம்தான் இன்றைய கரையோரப் பாதை. அது ஒரே கரையில் தொடர்ந்து போவதில்லை. பல இடங்களில் எதிர்க்கரைக்குத் தாவும். அங்கெல்லாம் ஆளையும் குதிரையையும் அக்கரை சேர்க்கத் துறைப்படகுகள் இருந்தன. படகுப் போக்குவரத்து ஓய்ந்ததும் துறைகளும் மறைய, பாதை துண்டுதுண்டானது. ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நீளமுள்ள தேம்ஸ் பாதை 1996-இல் தேசிய நடைவழியாகத் திறக்கப்பட்டபோது, இந்த இடைவெளிகளைப் பாலங்களாலும் சுற்றுவழிகளாலும் இட்டு நிரப்ப வேண்டியிருந்தது. டெர்பிஷயர் எல்லையில் உள்ள டவ்டேல் இன்னொரு வகை. சுண்ணாம்புப் பாறையை டவ் ஆறு அறுத்து உண்டாக்கிய ஒடுங்கிய பள்ளத்தாக்கு அது. நீரில் வரிசையாகப் போட்ட கற்களில் கால் வைத்து ஆற்றைக் கடப்பதற்காகவே குடும்பம் குடும்பமாக மக்கள் அங்கே வருகிறார்கள்.

மலைக்கோ தொலைதூரக் கிராமத்துக்கோ போக முடியாத நகரவாசிகளை மனத்தில் வைத்து, 1968-ஆம் ஆண்டுச் சட்டம் ‘கன்ட்ரி பார்க்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஊருக்குப் பக்கத்திலேயே காடும் புல்வெளியும், வண்டி நிறுத்துமிடம், கழிப்பறை, சிறு சுற்றுப்பாதைகள். லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள விர்ரல் கன்ட்ரி பார்க் 1973-இல் திறக்கப்பட்டது. கைவிடப்பட்ட ஒரு ரயில் தடத்தையே அது நடைவழியாக்கிக்கொண்டது.

குன்றுகளின் கதை இத்தனை அமைதியானதல்ல. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பொது மேய்ச்சல் நிலங்கள் வேலியடைக்கப்பட்டுப் பெருநிலக்கிழார்களின் கைக்குப் போயின. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே உள்ள 636 மீட்டர் உயரக் கின்டர் ஸ்கவுட் மேட்டில், குரௌஸ் பறவை வேட்டைக்காக ஆண்டு முழுவதும் காவலாட்கள் நிறுத்தப்பட்டிருந்தார்கள். வாரம் முழுக்க ஆலைப் புகையில் கிடந்து, ஞாயிறன்று ரயிலேறி வந்த தொழிலாளிக்குக் கண்ணெதிரே தெரிந்த மலை எட்டாமல் போனது. 1932 ஏப்ரல் 24 அன்று, 20 வயது பென்னி ராத்மனும் அவர் தோழர்களும் திரட்டிய ஏறத்தாழ 400 பேர் ஹேஃபீல்டிலிருந்து மேட்டில் ஏறினார்கள். காவலாட்களோடு கைகலப்பு நடந்தது. அத்துமீறி நுழைவது அப்போதும் குற்றவியல் குற்றமல்ல. அதனால் கலகம், தாக்குதல் போன்ற குற்றச்சாட்டுகளில் 5 பேருக்கு 2 முதல் 6 மாதம் வரை சிறை விதிக்கப்பட்டது. நடையர் சங்கங்களிலேயே பலர் அந்த மீறலை ஏற்கவில்லை. தண்டனையின் கடுமைதான் பொதுமக்களின் மனத்தை இளைஞர்கள் பக்கம் திருப்பியது.

1951-இல் அந்த மேட்டையும் உள்ளடக்கிய பீக் மாவட்டம் நாட்டின் முதல் தேசியப் பூங்காவானது. டாம் ஸ்டீஃபன்சன் என்ற பத்திரிகையாளர் 1935-இல் எழுதிக் கேட்ட நெடும்பாதையும் 30 ஆண்டு முயற்சிக்குப் பின் 1965-இல் பென்னைன் வே என்ற பெயரில் திறக்கப்பட்டது. ஈடேல் பள்ளத்தாக்கில் தொடங்கி ஸ்காட்லாந்து எல்லைக்கு அப்பால் முடியும் அதன் நீளம் 431 கிலோமீட்டர். இத்தகைய ஏற்றங்களில் நேரத்தைக் கணக்கிட, நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு 1 மணி, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக 1 மணி.

பாதை திறந்ததும் புதிய சிக்கல் வந்தது. இந்த மேடுகளின் மேல்மண் கரிச்சதுப்பு. பாசி மக்கி, பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்தது. அதை வளர்க்கும் ஸ்ஃபாக்னம் பாசி ஆலைப் புகையின் அமிலத்தால் ஏற்கெனவே அழிந்துபோயிருந்தது. பிடிப்பற்ற அந்த மண்ணில் ஆயிரக்கணக்கான கால்கள் பட, பாதை சேறாகிப் பக்கவாட்டில் விரிந்துகொண்டே போனது. இதற்குக் கிடைத்த தீர்வு அருமையானது. இடிக்கப்பட்ட பழைய பஞ்சாலைகளின் தளக்கற்களை ஹெலிகாப்டரில் தூக்கிவந்து சதுப்பின் மேல் பதித்தார்கள். சில கற்களில் இயந்திரம் பொருத்திய துளைகள் இன்னும் இருக்கின்றன. நடப்பவர்கள் கல்லை விட்டு இறங்காததால் இருபுறமும் புல் திரும்பியது. பாசியை மறுபடி நட்டு வளர்க்கும் வேலையும் நடந்துவருகிறது.

மலை, தரிசு மேடு, புதர்க்காடு, பொது மேய்ச்சல் நிலம் ஆகியவற்றில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்ற உரிமையை 2000-ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக, மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை அங்கே நாயைக் கயிற்றில் பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டும். இந்த உரிமை இங்கிலாந்து நிலப்பரப்பில் சுமார் 8 சதவீதத்துக்கே பொருந்தும். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் ஏறக்குறைய எல்லா நிலத்தையும் நீர்நிலைகளையும் பொறுப்போடு பயன்படுத்துவோருக்குத் திறந்துவிட்டது. அதே அளவு உரிமை தங்களுக்கும் வேண்டும் என்று இங்கிலாந்தின் நடையர்கள் கேட்கிறார்கள்; அந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது.